வேடரிடை வளர்ந்த அரசகுமரனும் கடல் கடந்த மக்களும்

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் உயிர் ஞானத்தை உணருமாறு கூறுவது. வேடரிடை வளர்ந்து தன் பிறப்பை மறந்த அரசகுமரனைத் தந்தை சென்று உணர்த்தி மீட்டல் போல, ஐம்புலச் சூழலில் மயங்கிய உயிரை இறைவன் குருவாய் எழுந்தருளி உணர்த்துவன் என்பது ஆண்டுக் கொள்ளப்படும் உவமை. இவ்வுவமையைப் புலம்பெயர்ந்த மக்கட்கு ஏற்றி உரைப்பாரும் உளர். நாட்டையும் முன்னோரையும் மறந்தார் அவற்றை மீள நினைத்தலே அரசகுமரன் தன்னை அறிதல் என்றும், அதுவே அவர்தம் நெஞ்சப் புண்ணுக்கு மருந்தாம் என்றும் அவர் கொள்வர். இக்கொள்கை பொருந்துமாறும் பொருந்தாவாறும் ஈண்டு ஆராயப்படும்.

அவர் காட்டும் சான்றுகளுள் தலையாயது மேலை ஆப்பிரிக்காவின் யோருபா மக்களது வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயோ அரசு சிதைந்த காலத்து அம்மக்கள் பெருந்தொகையினராய்ச் சிறைப்பட்டுக் கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஆண்டும் அவர் தம் ஒரிஷாக்களாகிய தெய்வங்களைக் கைவிட்டாரில்லை. கியூபாவிற் சாங்கோவைப் புனித பார்பராவின் வடிவிற்குள் மறைத்துப் போற்றினர். 256 குறிகளையுடைய இஃபா நூலறிவை மனத்தகத்தே காத்த பாபலாவோ என்னும் குரவர், நோயுற்றார்க்கும் துயருற்றார்க்கும் வழி கூறினர். ஒவ்வொருவரும் பிறக்குமுன் தமக்குரிய ‘ஒரி’யைத் தாமே தேர்ந்து வருவர் என்பதும், நல்லொழுக்கமும் படையலும் அதனைச் செம்மை செய்யும் என்பதும் அவர்தம் கோட்பாடு. 1970இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓயோதுஞ்சி என்னும் ஊரையே அவ்வழியினர் அமைத்தனர். விலங்கு பூண்ட மக்கள் தம்மை மக்களென மறவாதிருத்தற்கு அவ்வழிபாடு துணை நின்றது என்பதில் ஐயமில்லை.

இனி, நம் நாட்டு நிகழ்ச்சியை நோக்குவாம். செட்டிநாட்டு நகரத்தார் இளையாற்றங்குடி முதலாகிய ஒன்பது நகரக் கோயில்களாற் குலம் வகுத்து, முன்னோர்க்குப் படைப்பிட்டு வாழ்பவர். கடல் கடந்த ஊர்தோறும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூர் டாங்க் ரோட்டுக் கோயில் 1859இல் எழுந்தது. வாணிகத்தில் மகமை எடுத்து முருகற்குக் கணக்கு வைத்தனர். குலமறதி என்னுங் குற்றம் அவர்பால் ஏற்றுதற்கு இடமேயில்லை.

அங்ஙனமாகவும் நிகழ்ந்தது யாது? 1930இல் கீழ்ப் பர்மாவின் தலையாய 13 நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, விலைவீழ்ச்சியாற் கடன் தீராமையின், 1937இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலமிழந்த பர்மிய உழவர் நெஞ்சிற் சினம் மூண்டது. 1942இல் ஜப்பானியர் படையெடுத்த பொழுது இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தனர். வழியில் மடிந்தாரும் பலர். 1962இன் பின் எஞ்சியவர் உடைமையும் பறிபோயிற்று. குலத்தை நினைத்தலே மருந்தாயின், அதனை ஒருபொழுதும் மறவாத இவர்க்கு இந்நோய் வந்திருத்தல் கூடாது. வேலன் சந்நிதியில் நின்று வட்டி கணக்கிட்ட பொழுது, வயலிழந்தவனும் சிவனுடைய உயிரே என்னும் உணர்வு நமக்கு எழுந்ததா என்று வினவுதலும் வேண்டும். இதனைப் பிறர் கூறுமுன் நாமே கூறிக்கொள்ளுதல் நலம்.

எனவே, அவ்வுவமையில் அரசகுமரன் மறந்தது குலத்தையும் நாட்டையும் அன்று என்க. அங்குத் தந்தை என்றது சிவபெருமானை. தனு, கரண, புவன, போகங்கள் மாயையின் காரியம் என்பது சித்தாந்தம். ஆதலின் குலம் உடலைப் பற்றியது. நாடு புவனத்தைச் சார்ந்தது. அவற்றை உயிரின் இயல்பெனக் கொள்ளின் வேடர்ச்சேரியையே அரண்மனை என்றல் போலாம். ஊழினை உயிர் தானே தேர்ந்து வரும் என்னும் யோருபாக் கொள்கையும் நமக்கு உடம்பாடன்று. வினையை ஊட்டுவான் இறைவனே என்பது நம் துணிபு.

அற்றேல், முன்னோர் நினைவும் ஊர்த்தெய்வ வழிபாடும் பயனிலவோ எனின், அன்று. மாயை இருளிடத்துக் கைவிளக்குப் போல உயிர்க்கு உதவும் என உமாபதி சிவனார் திருவருட்பயனில் உணர்த்தினார். விளக்கு ஞாயிறாகாது, ஆயினும் இருளிடத்து அதனை அவித்தல் அறிவுடைமை அன்று. எத்தெய்வத்தை வழிபடினும் உமையொடு கூடிய இறைவனே அவ்வடிவில் நின்று ஏற்றருளுவன் என அருணந்தி சிவனார் சிவஞானசித்தியாரிற் கூறியதும் இக்கருத்துப் பற்றியே.

இதற்குச் சான்றாவார் நேட்டால் நாட்டுத் தமிழர். 1860 நவம்பர் 16இல் சென்னையினின்று ‘டுரூரோ’ என்னுங் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டு 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் கரும்புத் தோட்டம் முதலியவற்றிற்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவினின்றும் சென்றனர். அவருள் தமிழர் தகரத்தாலும் மரத்தாலும் மாரியம்மைக்குக் கோயில் எடுத்தனர். சிறுதெய்வ வழிபாடு என்று நம் புலவர் சிலர் இகழ்ந்த அவ்விளக்கின் ஒளியிலேயே அவர்தம் மக்கள் தமிழெழுத்தையும் திருமுறையையும் நாடினர். 1937இல் குரு சுப்பிரமணிய சுவாமிகள் ஆண்டுச் சைவ சித்தாந்த சங்கத்தை நிறுவினார். திருமுறை ஓதிக் கூட்டு வழிபாடு செய்யும் நெறி அதனால் வளர்ந்தது. தோட்டத்துக் கொட்டகையிற் சரியையாய்த் தொடங்கியது ஞானநூல் வரை சென்றமை காண்க.

ஆகலின், புலம்பெயர்ந்தார்க்குக் குலநினைவே முடிவான மருந்து என்பாரும், அந்நினைவு வீண் என்பாரும் ஒருமருங்கே கண்டவராவர். முன்னையார் விளக்கை ஞாயிறெனக் கொண்டார்; பின்னையார் விடியுமுன் விளக்கை அவித்தார். காரைக்குடியினின்றும் இன்று அயல்நாடு செல்லும் இளைஞர்க்குக் கோயில் மரபை மட்டும் கொடுத்து அனுப்புதல் போதாது. அக்கோயிலில் நின்றருள்வோன் யாவர், அவன் முன் அயல்நாட்டானும் தம்மோடொத்த உயிரே என்பதையும் உணர்த்தி அனுப்புதல் சைவப் பெரியோர் கடன். அவ்வுணர்வு தோன்றிய இடத்தே துயரமும் மருந்தாம். செல்வமும் தீங்கு செய்யாது. அதற்குத் திருவருள் முன்னிற்க.