கடிவாளமும் கனிவும்

மூழ்கிய கப்பலிலிருந்து இரண்டே உயிர்கள் கரை சேர்கின்றன. ஒன்று, அலெக் ராம்சே என்னும் அமெரிக்கச் சிறுவன். மற்றொன்று, அரபுத் துறைமுகம் ஒன்றில் பலர் சேர்ந்து இழுத்துக் கப்பலேற்றிய, எவருக்கும் அடங்காத கருங்குதிரை. கரையோ மனித வாடையற்ற தீவு. அங்கே இவ்விரு உயிர்களும் ஒன்றையொன்று நம்பக் கற்றுக்கொள்வதே கதை.

வால்டர் ஃபார்லி எழுதிய 'தி பிளாக் ஸ்டாலியன்' என்னும் இந்த ஆங்கில நாவல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளி மாணவராக இருந்தபோதே அவர் இதனை எழுதத் தொடங்கிவிட்டார். கரோல் பல்லார்டின் இயக்கத்தில் 1979ஆம் ஆண்டில் இது திரைப்படமாயிற்று. கதை இன்றும் சிறுவர் கைகளில் உலவுகிறது. படமும் வீட்டுத் திரைகளில் ஓடுகிறது. பிள்ளைகள் விரும்பும் ஒரு கதையைப் பெரியவர்கள் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது வீண்வேலை ஆகாது. ஏனெனில், 'நம்பிக்கை எவ்வாறு பெறப்படுகிறது?' என்ற கேள்வியை இந்தக் கதை எழுப்புகிறது. அதற்கு அது தரும் விடையில் பாதி பொன், பாதி பித்தளை.

தீவில் நிகழ்ந்தது

பொன்னை முதலில் காண்போம். படத்தில் வரும் தீவுக் காட்சிகள் உலகத் திரைக்கலையின் அரிய பகுதிகளுள் வைத்து எண்ணத் தக்கவை. வெகுநேரம் உரையாடல் என்பதே இல்லை. காலெப் டெஷனலின் ஒளிப்பதிவும், கார்மைன் கொப்பலாவின் இசையும், கடலின் ஓசையுமே பேசுகின்றன. பாறைகளுக்கிடையே கயிறுகளில் சிக்கித் தவிக்கிறது குதிரை. சிறுவன் தன் தந்தை அளித்த சிறு கத்தியால் அக்கயிறுகளை அறுக்கிறான். விடுபட்ட குதிரை நன்றி கூறி நிற்கவில்லை, ஓடி மறைகிறது. இந்த ஓட்டத்தைக் காட்டிய இயக்குநரின் நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். ஓர் உதவி செய்தவுடன் காட்டு விலங்கு காலடியில் வந்து விழுவதாகக் காட்டுவது எளிது. அது பொய்.

பின்னர், உறங்கும் சிறுவனை நெருங்கிய நாகத்தைக் குதிரை தன் குளம்பால் மிதித்துக் கொல்கிறது. அதன் பிறகும் நட்பு முழுமை பெறவில்லை. ஒரு சிப்பி ஓட்டில் கடற்பாசியை ஏந்திக்கொண்டு சிறுவன் கையை நீட்டுகிறான். குதிரை வருகிறது, பின்வாங்குகிறது, மணலை உதைக்கிறது, மீண்டும் வருகிறது. அவன் துரத்தவில்லை, கயிறு வீசவில்லை, காத்திருக்கிறான். பசியும் அச்சமும் அந்தக் குதிரையின் உடலுக்குள் நடத்தும் போராட்டத்தை நாம் கண்ணாரக் காண்கிறோம். கடைசியில் அது அவன் கையிலிருந்து உண்ணும்போது, பார்ப்பவர் நெஞ்சிலும் ஏதோ ஒன்று இளகுகிறது.

குதிரையின் இயல்பை அறிந்தவர்கள் இக்காட்சியின் உண்மையை ஒப்புவர். குதிரை வேட்டையாடும் விலங்கன்று. ஓடித் தப்பிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ நாற்புறமும் அது காணும். நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே பார்வைக்கு எட்டாத இடங்கள். நேராகப் பாய்ந்து வருபவன் அதன் கணக்கில் ஓநாய். ஒதுங்கி நிற்பவனே ஆபத்தற்றவன். மேற்கு அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்த டாம் டாரன்ஸ், ரே ஹன்ட் போன்ற பழக்குநர்கள் தம் முறையை இந்த இயல்பின் மீதே அமைத்தார்கள். குதிரை ஓர் அடி இணங்கினால், அக்கணமே பழக்குபவர் தம் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வே அதற்குப் பரிசு. தளர்த்தத் தெரியாதவன் எத்தனை இனிப்பு ஊட்டினாலும் பயனில்லை.

இது புதுமையுமன்று. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான செனஃபன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்று வற்புறுத்தினார். வலிந்து செய்விக்கப்படும் செயலில் அழகில்லை என்பதும் அவர் கருத்து. அலெக்சாந்தரைப் பற்றிப் புளூடார்க் கூறும் செய்தியும் இதனையே உணர்த்துகிறது. எவராலும் ஏற முடியாத புசிஃபலஸ் என்ற குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதைச் சிறுவனான அலெக்சாந்தர் கவனித்தான். அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். வலிமையால் அன்று, அச்சத்தின் காரணத்தைக் கண்டறிந்ததால் வென்றான். படத்திலும் அலெக்கின் தந்தை இந்தப் புசிஃபலஸின் கதையை மகனுக்குச் சொல்கிறார். அதன் சிறு உருவத்தையும் பரிசளிக்கிறார். கதையின் வித்து அங்கேயே விழுந்துவிடுகிறது.

கனிவு என்ற பெயரில்

ஆனால், கனிவு என்று பெயர் பெற்றதெல்லாம் கனிவாகுமா? அமெரிக்கரான ஜான் ராரே 1858ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் 'குரூசர்' என்ற கொடிய குதிரையை அடக்கிக் காட்டிப் பெரும் புகழ் பெற்றார். விக்டோரியா அரசியாரும் அவர் திறமையை நேரில் கண்டார். அவர் சாட்டையைத் தொடவில்லை. அன்பாகத் தடவிக் கொடுத்தார். ஆனால் அதற்கு முன்பாகக் குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டினார். மூன்று கால்களில் நின்று தள்ளாடிக் களைத்துப் படுக்கும் வரை காத்திருந்தார். ஓட முடியாத குதிரையைத் தடவிக் கொடுப்பதில் சாட்டையைக் காட்டிலும் கருணை இருக்கலாம். அதனை நம்பிக்கை என்று நாம் அழைக்க இயலாது. போக வழி இருந்தும் போகாமல் நிற்பதல்லவா நம்பிக்கை!

இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் தீவுக் காட்சி மாற்றுக் குறையாத தங்கம். அங்கே வேலியில்லை, கட்டுத்தறியில்லை. கறுப்பன் என்று அலெக் அழைக்கும் அக்குதிரை எந்நேரமும் விலகி ஓடலாம். சிறுவன் முதலில் ஏறுவதும் கடல் நீருக்குள்தான். நீரில் குதிரையால் துள்ளி உதற இயலாது. விழுந்தாலும் சிறுவனுக்கு அடிபடாது. இருவருக்கும் பாதுகாப்பான இடம் அதுவே. படத்தில் வரும் இந்நுட்பம் நாவலில் இவ்வளவு தெளிவாக இல்லை. நாவலின் அலெக் சற்று அவசரக்காரன். ஏறுகிறான், தூக்கி எறியப்படுகிறான், மறுபடியும் ஏறுகிறான். இந்த ஓரிடத்தில் மூலத்தைப் படம் விஞ்சிவிட்டது என்றே கூறுவோம்.

விடுபட்ட பக்கங்கள்

இனிப் பித்தளையைப் பார்ப்போம். நியூயார்க் வந்து சேர்ந்ததும் கதையின் நடை விரைகிறது. ஹென்றி டெய்லி என்ற முதிய பழக்குநர் வருகிறார். படத்தில் மிக்கி ரூனி இப்பாத்திரத்தை உயிர்த்துடிப்போடு நடித்திருக்கிறார். ஆனால், கடிவாளம் அறியாத வாயில் இரும்பு நுழைவதும், முதுகில் சேணத்தின் சுமை ஏறுவதும், வயிற்றில் வார் இறுகுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. கனிவான பயிற்சியின் உண்மையான சோதனை இந்த இடத்தில் அன்றோ! தீவில் கிடைத்த நம்பிக்கையை வைத்துக் கொண்டு, அச்சம் தரும் புதியவற்றை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்வது நாட்கணக்கான, சிலசமயம் மாதக்கணக்கான பொறுமை. அந்தப் பொறுமையைக் காட்டாமல் விட்டதால், அன்பு ஒன்றே போதும் என்ற மயக்கம் இளம் வாசகருக்கு உண்டாகிறது. மிரண்ட ஆண்குதிரை ஓர் உதையில் ஆளைக் கொன்றுவிடும். அன்போடு அறிவும் ஒழுங்கும் வேண்டும்.

விடுபட்ட இப்பக்கங்களை முன்னரே எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அன்னா சுவெல் 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் நாவலில் குதிரையே தன் கதையைக் கூறுகிறது. வாயில் இரும்பு நுழைந்தபோது எப்படி இருந்தது, முதன்முதலாக லாடம் அடித்தபோது கால்கள் எப்படிக் கனத்தன என்றெல்லாம் அது சொல்கிறது. இரயிலைக் கண்டு மிரளாதிருக்க, அதன் எசமானர் அதனை இருப்புப்பாதை ஓரத்துப் புல்வெளியில் சில நாட்கள் மேயவிடுகிறார். முதல் இரயிலைக் கண்டு ஓடிய குதிரை, வரவர அதனைப் பொருட்படுத்தாமல் மேய்கிறது. அதட்டல் இல்லை, அடி இல்லை. பழக்கம் அச்சத்தைக் கரைக்கிறது. இளமையிலேயே கால் ஊனமுற்று, வெளியே செல்லக் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர் அன்னா சுவெல். நூல் வெளிவந்த சில மாதங்களில், 1878ஆம் ஆண்டில் மறைந்தார். ஃபார்லியிடம் இல்லாத பொறுமை அவரிடம் இருந்தது.

சாட்டை யார் கையில்?

மற்றொரு குறையை நம் வாசகர்கள் தாமே உணர்ந்திருப்பர். ஃபார்லியின் முதல் நூலில் குதிரையைச் சாட்டையால் அடிப்பவர்கள் அரபியர்; அதன் அன்பைப் பெறுபவன் அமெரிக்கச் சிறுவன். படத்திலும் கப்பலில் வரும் அரபியர் கொடியவராகவே காட்டப்படுகிறார். பாலைவனத்து மக்கள் தம் பெண்குதிரைகளைக் கூடாரத்திற்குள் தம்மோடு சேர்த்து வளர்த்தவர்கள். குதிரைகளின் வமிசாவளியைப் பாடம் செய்து வைத்தவர்கள். அப்பாசியர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், குதிரையேற்றத்தையும் குதிரை வைத்தியத்தையும் பற்றி இப்னு அகீ ஹிஸாம் தனி நூலே செய்தார். இம்மரபில் வந்த குதிரையை நேசிக்க அரபியருக்குத் தெரியாது என்று எழுதுவது அறியாமை.

1945ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் நூலில் ஃபார்லி இதனை ஓரளவு சரிசெய்கிறார். குதிரையின் உண்மை உரிமையாளராக அபூ யாகூப் பின் இஸ்ஹாக் என்ற அரபுத் தலைவர் வருகிறார், கண்ணியமானவராகவே படைக்கப்பட்டிருக்கிறார். ஆயினும், தம் உயர்ந்த குதிரைக்கு அவர் 'ஷைத்தான்' என்று பெயரிட்டதாக எழுதியிருப்பதைக் கண்டு நாம் புன்னகைக்கலாமே தவிர, நம்ப இயலாது.

பிறரைக் குறை கூறும்போது நம் வீட்டு முற்றத்தையும் பார்த்துக்கொள்வதே நீதி. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்தன. காயல் துறைமுகம் அவ்வணிகத்தால் செழித்தது. அக்குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பராமரிப்பு அறிந்தவர் இங்கு இல்லை. குதிரை இறந்தால் வேறொன்று விற்கலாம் என்று, வணிகர்கள் குதிரை வைத்தியர்களை வரவிடுவதுமில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் மிகை இருக்கலாம். எனினும், குதிரையோடு தொடர்புடையதாகக் கூறப்படும் ராவுத்தர் என்ற பெயரைத் தாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்பெயரின் பெருமையைப் பேசும்போது இந்தச் செய்தியையும் மறைக்காமல் பேசுதல் நலம். சாட்டைக்கு இனமும் நாடும் கிடையாது.

நமக்கு வழிகாட்டும் அளவுகோல் வேறு இடத்தில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடிக்கும் ஒட்டகம் ஒன்றில் ஏறி, அதனை முன்னும் பின்னுமாக ஓட்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மென்மையைக் கடைப்பிடிக்குமாறு அறிவுறுத்தினார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அடங்காத விலங்கைப் பழக்கும் வேளையிலேயே அந்த அறிவுரை கூறப்பட்டது என்பது நோக்கத்தக்கது. அடங்கிய விலங்கிடம் மென்மை காட்டுவது எவர்க்கும் எளிது.

பந்தயமும் படகும்

கதை குதிரைப் பந்தயத்தில் முடிகிறது. இரண்டு புகழ்பெற்ற குதிரைகளைக் கறுப்பன் முந்துகிறான், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. ஓடும் வேளையில் தீவின் கடற்கரை நினைவாக வந்து கலப்பதாகக் காட்டி, நட்பையும் வெற்றியையும் இணைக்கப் படம் முயல்கிறது. முயற்சி அழகியதுதான். ஆனாலும் நம் மனம் ஒப்பவில்லை. எதையும் எதிர்பாராமல் பெற்ற நம்பிக்கை இங்கே கோப்பையாக மாற்றப்படுகிறது. வெல்லாவிட்டால் அந்த நட்பின் மதிப்புக் குறைந்துவிடுமா? இக்கேள்வியை ஆசிரியரும் கேட்கவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை. மகன் தேர்வில் முதல்வனாக வரும்போது மட்டும் அவனை அணைத்துக்கொள்ளும் தந்தையரைப் போல, கதை தன் குதிரையை வெற்றிக்காகவே உச்சி முகர்கிறது.

எனினும், இந்நாவலையும் படத்தையும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அருகில் அமர்ந்து, அரபியரைப் பற்றிய பிழையை எடுத்துச் சொல்லலாம். விடுபட்ட பொறுமையின் பக்கங்களுக்கு அன்னா சுவெலின் நூலையும் சேர்த்துக் கொடுக்கலாம். அவர்கள் நினைவில் எந்தக் காட்சி நிற்கிறது என்று கேட்டும் பார்க்கலாம்.

நம் நினைவில் நிற்பது பந்தயக் களம் அன்று. தீவிலிருந்து சிறுவனை மீட்டுச் செல்கிறது ஒரு படகு. குதிரைக்கு அதில் இடமில்லை. கரையில் நின்ற கறுப்பன் ஒரு கணம் பார்க்கிறான். கயிறு இல்லை, கடிவாளம் இல்லை, கையில் உணவும் இல்லை. கடலில் இறங்கிப் படகின் பின்னே நீந்துகிறான்.