மெதுவாக உள்ளே வாருங்கள்

பத்து வருஷமாக ஒரு வீட்டின் மேல் எனக்குப் பைத்தியம். சொந்த வீடு இல்லை, சொந்த ஊரிலும் இல்லை. பிரான்ஸின் தெற்குக் கரையில், மொனாக்கோவுக்கும் மாந்தோனுக்கும் நடுவே, ரோக்ப்ரூன்-காப்-மார்த்தான் என்ற ஊரின் கடற்பாறைமேல் நிற்கும் வெள்ளை வீடு. பெயர் ஈ-1027. பாரிஸில் இருக்கும் அக்காவை இழுத்துக்கொண்டு இந்த மே மாதம் போய்ப் பார்த்தே விட்டேன். வந்ததிலிருந்து யாரைப் பிடித்தாலும் இதே பேச்சுதான். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

"பேரைப் பார்த்தா லாரி நம்பர் மாதிரி இருக்கேடி" என்றாள் அக்கா, ரயிலை விட்டு இறங்கும்போதே. அங்கேதான் இருக்கிறது அழகு. ஈ என்றால் ஐலீன். 10 என்றால் ஆங்கில அகரவரிசையில் பத்தாவது எழுத்து, ஜே: ஷான். 2 அவருடைய குடும்பப் பெயரான படோவிசியின் பி. 7 ஜி, அதாவது கிரே. ஐலீன் கிரே தன் பெயருக்குள் ஷான் படோவிசியைப் பொதிந்து வைத்திருக்கிறார். காதலனைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிற எண். சொன்னதும் அக்கா கொஞ்சம் இளகினாள்.

கிரே அயர்லாந்தில் 1878இல் பிறந்தவர். பாரிஸில் ஒரு ஜப்பானியக் கலைஞரிடம் அரக்குப் பூச்சு கற்று, மேசை நாற்காலி செய்து பெயர் வாங்கியவர். கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், 1926இல், இந்த வீட்டைத் தொடங்கி 1929இல் முடித்தார். மனைக்குச் சாலை கிடையாது. கட்டுமானச் சாமான்கள் எல்லாம் தள்ளுவண்டியில்தான் வந்தன. இன்றைக்கும் நடந்துதான் போகவேண்டும். ரயில் நிலையத்தில் குழுவாகச் சேர்த்து, வழிகாட்டி கூட்டிப்போகிறார். ஒரு பக்கம் தண்டவாளம், இன்னொரு பக்கம் கடல்.

ஒரு திருப்பத்தில், மரங்களுக்கு நடுவே அது தெரிந்தது. ஐயோ, என்ன சொல்ல! தூண்கள்மேல் நீளவாட்டில் வெள்ளை உடம்பு, குழாய்க் கம்பிப் பிடிகள், மேலே கான்வாஸ் பந்தல், கைப்பிடியில் தொங்கும் மிதவை வளையம். யாரோ நங்கூரத்தைத் தூக்கினால் கிளம்பிவிடும் போல் இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ 'கப்பல்' விடுதிகளைப் பார்த்திருக்கிறேன். சுவரில் சுக்கான், திரையில் நீலக்கோடு, அதோடு சரி. கிரே கப்பலிடமிருந்து எடுத்துக்கொண்டது அதன் சிக்கன புத்தியை. இடம் குறைவு, காற்றும் வெயிலும் அதிகம், உள்ளே இருப்பவரோ மனிதர். அப்படியென்றால் எது எங்கே இருக்கவேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் கேட்டிருக்கிறார்.

மாடத்தின் கைப்பிடிக்குச் சுவர் எழுப்பாமல் கான்வாஸ் கட்டியிருக்கிறார். குளிர்காலத்தில் அவிழ்த்துவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் காலில் வெயில் படுமாம். காலில் வெயில்! ஒரு கட்டடக் கலைஞர் இதை யோசித்திருக்கிறார். கூடத்தின் ஜன்னல்கள் விசிறிபோல் மடிந்து ஒதுங்க, அறையே கடலுக்குத் திறந்துவிடுகிறது. மொட்டைமாடிக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் சுருள் படிக்கட்டு. அலமாரிகளில் ஸ்டென்சில் எழுத்தில் 'தலையணைகள்' என்றெல்லாம் பிரெஞ்சில் பெயர். வாசலில் 'மெதுவாக உள்ளே வாருங்கள்'. அதன் பக்கத்திலேயே 'சிரிக்கக் கூடாது'. அதைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள்.

படுக்கை ஓரம் நின்ற வட்ட மேசைதான் உலகம் முழுக்க நகலெடுக்கப்படும் ஈ-1027 மேசை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடித் தட்டைத் தாங்கும் தண்டு நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கிறது. அதனால் வளைந்த அடிப்பாகம் கட்டிலுக்கு அடியில் நுழைய, தட்டு மடிக்கு மேலே வந்து நிற்கும். தண்டில் வரிசையாகத் துளைகள், சின்னச் சங்கிலியில் தொங்கும் ஓர் ஊசி. எந்தத் துளையில் செருகுகிறோமோ அந்த உயரம். படுக்கையிலேயே காலைச் சிற்றுண்டி சாப்பிடும் சகோதரிக்காகச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. குளியலறைக் கண்ணாடியிலோ ஒரு கை நீண்டு, நுனியில் குட்டிக் கண்ணாடி. பிடரி தெரிவதற்கு!

என் அக்காவைக் கவிழ்த்தது சாப்பாட்டு மேசை. மேலே கார்க் ஒட்டியிருக்கிறது. தட்டு வைக்கிற சத்தம் கேட்கக் கூடாதாம். "இவ்வளவு நாள் ஒருத்தருக்கும் தோணலையேடி நமக்கு" என்றாள், எங்கள் வீட்டு எவர்சில்வர் கச்சேரியில் வளர்ந்தவள்.

இந்த வீட்டுக்குச் சோகமும் உண்டு. 1930களின் தொடக்கத்திலேயே கிரே இங்கிருந்து விலகிப் போனார். படோவிசியின் நண்பரான கட்டடக் கலைஞர் லெ கார்புசியே 1938-39இல் கிரேயைக் கேட்காமலே வெற்றுச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். பிறகு போர், சுவர்களில் குண்டுத் துளைகள். 1952இல் வீட்டுக்குச் சற்று மேலே லெ கார்புசியே தனக்கென்று 3.66 மீட்டர் சதுரத்தில் ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். 1965 ஆகஸ்ட் 27 அன்று இதே கடலில் நீந்தும்போது இறந்தார். வீடு பாழடைந்து கிடக்க, கடற்கரைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு 1999இல் வாங்கியது. நீண்ட சீரமைப்பு 2021இல் முடிந்தது. ஓவியங்களை அழிக்கவில்லை. எனக்கு அவை உறுத்தின. இவ்வளவு மெதுவாகப் பேசும் வீட்டில் யாரோ உரக்கக் கத்துவதுபோல் இருந்தது.

சென்னை திரும்பியதும் பாரிமுனைக்குப் போய் கார்க் ஷீட் வாங்கி, சாப்பாட்டு மேசையின் அளவுக்கு வெட்டி ஒட்டினேன். ஓரம் கோணல்தான். ஆனால் காலை ஐந்தரைக்கு டபராவை வைக்கிறேன். வீட்டில் ஒருவருக்கும் விழிப்பு வரவில்லை.