புதுச்சேரி மண்ணுக்கு சைக்ளோகிராஸ் பொருந்துமா?

பிரான்சில் 1902-இலேயே தேசிய அளவில் சைக்ளோகிராஸ் போட்டி நடந்துவிட்டது. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு, 1954 நவம்பர் வரை, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இரும்புக் குண்டு எறியும் பெத்தாங்க் இங்கே வேர் பிடித்தது, சைக்ளோகிராஸ் பிடிக்கவில்லை. பிரான்சிலிருந்து பின்னாளில் வந்த ‘பிரெவே’ சைக்கிள் நெடும்பயணத்துக்கு இன்று ஆள் சேருகிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முதலிடம் கடைசியிடம் என்ற பேச்சே கிடையாது. அருமையான ஏற்பாடு. ஆனால் அது போட்டி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காருக்கும் பேருந்துக்கும் பக்கத்தில் ஓட்டுகிற ஆபத்தும் அதில் உண்டு. வேலை, குடும்பம் போக மிச்ச நேரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இங்கே ஒரு நல்ல போட்டி வேண்டும். சைக்ளோகிராஸ் அதற்குத் தகுமா?

சைக்ளோகிராஸ் என்றால் சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்று; புல், மணல், சேறு, படிக்கட்டு, 40 செ.மீ. வரை உயரமுள்ள குறுக்குப் பலகைகள். தூரத்துக்கு அல்ல, நேரத்துக்கே போட்டி. உலகத்தர ஆண்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அமெச்சூர்களுக்கு அதைவிடக் குறைவு. 1950-இல் பாரிசில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்ற ழான் ரோபிக், 1947-இன் டூர் தெ பிரான்ஸ் வெற்றியாளர். அவரைப் போன்ற சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடலைப் பதமாக வைத்துக்கொள்ள எடுத்த வழிதான் சைக்ளோகிராஸ்.

சாலைப் பந்தயத்தில் கூட்டத்தை விட்டுப் பின்தங்கியவரின் கதை அங்கேயே முடிந்துவிடும். காற்றை அவர் தனியாகத்தான் கிழிக்க வேண்டும். சைக்ளோகிராஸில் வேகம் குறைவு, அடுத்தவர் நிழலில் ஒளிவதால் கிடைக்கும் லாபமும் குறைவு. முதல் ஆள் இரண்டு சுற்று முந்திப் போனாலும், நாற்பதாவது ஆளுக்கு முப்பத்தொன்பதாவது ஆளைப் பிடிக்கும் போராட்டம் கடைசிச் சுற்று வரை மிச்சமிருக்கும். முதலிடத்தில் வருபவர் முடிவுக்கோட்டைத் தொட்டதும், எல்லாரும் தாம் இருக்கிற சுற்றோடு முடிப்பார்கள். கடைசி ஆளுக்கும் முழுப் பந்தயம் கிடைக்கிற சைக்கிள் போட்டி இதைப்போல் இன்னொன்றை நான் அறியேன். உலகப் போட்டிகளில் முதலிடத்தில் இருப்பவரைவிட மிகவும் பின்தங்கியவரை வெளியேற்ற ஒரு விதி உண்டு. அமெச்சூர் போட்டியில் அதைக் கொண்டுவருவது இந்த வடிவத்தின் உயிரையே எடுப்பதாகும்.

திறமைக்கு வைக்கும் சோதனையும் நேர்மையானது. பலகைக்கு முன் வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இடப்புறம் கொண்டுவந்து, ஓட்டத்தோடு ஓட்டமாக இறங்க வேண்டும். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பிரேமின் மேல்குழாயில். தூக்கித் தாண்டியதும் தொடை சீட்டில் வழுக்கி ஏற வேண்டும். நான்கைந்து நொடி வேலை. கால் பலமுள்ளவர் தடுமாறுவார், பழகியவர் முந்துவார். மணலில் டயர் காற்றைக் குறைத்து, உடலைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலைத் திருப்பாமல் மிதித்துக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் திரும்பினால் ஆளைச் சாய்த்துவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த மணல் அந்நியமல்ல.

எதிர்ப்பக்கமும் கனமானதுதான். இந்தப் போட்டிக்கு ஆரோவில் செம்மண் பாதைகளைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது, மழை அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த நிலம் அது. கரை போட்டு, மரம் நட்டு, மண்ணைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். ஐம்பது சைக்கிள்கள் ஒரே தடத்தில் பத்து முறை சுற்றினால் அங்கே ஒரு வாய்க்கால் விழும். அடுத்த மழை அந்த வழியாகத்தான் மண்ணை இழுத்துப் போகும். அதிலும் ஐரோப்பியப் பருவத்தைக் காப்பியடித்து நவம்பரில் நடத்தினால், நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரச் செம்மண் சரளையோடு டயரில் அப்பி, போர்க்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். வீராம்பட்டினம் கடற்கரையும் வேண்டாம். அது மீனவர்கள் படகேற்றி வலை உலர்த்தும் தொழிலிடம். ஒரு காலைப் பொழுதுக்குக்கூட விளையாட்டுக்காக அவர்களை ஒதுங்கச் சொல்லக்கூடாது.

அடுத்தது பணம். 33 மி.மீ. டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள தனி சைக்கிள்தான் வேண்டும் என்றால், வசதியுள்ள சிலரின் கூடலாக இது சுருங்கிவிடும். மலை சைக்கிளோ ஹைப்ரிடோ, பிரேக் சரியாகப் பிடிக்கிற எதையும் ஏற்க வேண்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்குத் தனிப்பிரிவு அவசியம், மணலில் அது கியர் வண்டியோடு மோதுவது நியாயமல்ல. வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சித்திரை, வைகாசியில் இதை நினைக்கவே கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: சாலைப் பந்தயத்தைவிட சைக்ளோகிராஸே புதுச்சேரி அமெச்சூருக்குப் பொருத்தமானது, ஆனால் ஐரோப்பியச் சேற்றை இங்கே தேடாத சைக்ளோகிராஸ். உப்பளம் விளையாட்டு வளாகம் போன்ற ஒரு திடல், கொட்டி நிரப்பிய மணல் குழி, இரண்டு மரப்பலகை, மாசி மாதத்து விடியற்காலை, முப்பது நிமிடம். ஊரில் சைக்கிள் குழு நடத்துகிறவர்கள் வருகிற மாசியிலேயே இதை ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். பின்தங்கியவர் ஒருவரையும் பாதியில் வெளியேற்றாமல்.