ஆயத்தம் எதில் தெரியும்?

இயேசு சீக்கிரம் வருகிறார், ஆயத்தமாயிருங்கள் என்னும் வாசகத்தைத் தமிழகத்தின் நெடுஞ்சாலைச் சுவர்களிலும் பாறைகளிலும் பார்க்காதவர் இல்லை. ஒலக்கூர், திண்டிவனம் போன்ற ஊர்ப் பக்கங்களில் நடக்கும் உபவாச ஜெபம், எழுப்புதல் கூட்டம், முழு இரவு ஜெபம் எல்லாவற்றுக்கும் அடிநாதம் இதுதான். பெயர்க் கிறிஸ்தவராக இருந்தால் போதாது, மனந்திரும்ப வேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்தப் பிரசங்க முறை எதைச் சாதித்தது, எதைத் தவறவிட்டது என்று எடைபோடுவது அதை மதிப்பவர்களின் கடமை.

முதலில் அதன் பலம். கூலிப் பணத்தை டாஸ்மாக்கில் தொலைத்தவர்கள் இத்தகைய கூட்டங்களுக்கு வந்து குடியை விட்டிருக்கிறார்கள். அதன் அருமை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க இடமில்லாத பெண், சபை நடுவே எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள். பிறப்பால் வந்த மதத்தைப் பழக்கத்தால் சுமப்பவரிடம், இதை உண்மையாகவே நம்புகிறாயா என்று நேருக்கு நேர் கேட்பதும் பெரும் நன்மையே. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் பதிவேட்டில் ஏறும் பெயரை அந்தக் கேள்வி உலுக்குகிறது.

கேள்வி சரி. விடையை அளக்கும் கோல்தான் பிழை. கண்ணீர் விட்டாரா, கை உயர்த்தினாரா, அந்நிய பாஷை பேசினாரா, நகையைக் கழற்றினாரா, வெள்ளை உடுத்தினாரா என்பவையே பல இடங்களில் மெய் விசுவாசத்தின் அடையாளங்களாகிவிட்டன. இவை அனைத்தும் பிறர் பார்க்கச் செய்யக்கூடியவை. வெளிவேஷத்தைக் கண்டிக்கப் புறப்பட்ட முறை, இப்படிப் புதியதொரு வெளிவேஷத்துக்கு வழிவிடுகிறது. அச்சம் இன்னொரு குறை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐயும், வானொலிப் பிரசங்கி ஹரால்டு கேம்பிங் 2011 மே 21-ஐயும் குறித்து வைத்தார்கள். அந்த நாள் எவருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருந்தும் குறித்தார்கள். நாள்கள் கடந்தன, நம்பியவர்கள் மனமுடைந்தார்கள்.

ஆயத்தம் பற்றிய பிரசங்கத்தில் தவறாமல் வருவது மத்தேயு 25-ஆம் அதிகாரத்துப் பத்துக் கன்னியர் உவமை. எண்ணெய் இல்லாத ஐவருக்குக் கதவு அடைபட்ட இடத்தில் பெரும்பாலும் பிரசங்கம் முடிந்துவிடும், அதிகாரம் முடிவதில்லை. அதன் கடைசிப் பகுதி நியாயத்தீர்ப்பு. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் தந்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, உடை கொடுத்தாயா, நோயாளியையும் சிறைப்பட்டவனையும் போய்ப் பார்த்தாயா: அங்கே கணக்கு இவ்வளவே. எத்தனை இரவு விழித்து ஜெபித்தாய் என்ற கேள்வி அதில் இல்லை.

இந்தக் கோலை நம் வட்டார வரலாற்றின்மேல் வைத்துப் பார்ப்போம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ஆற்காட்டுச் சீமையில் ஏழைகள், பெரும்பாலும் தலித் மக்கள், ஆயிரக்கணக்கில் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழி அவர்கள்மேல் விழுந்தது. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் திரும்பிப் போனது உண்மை. தங்கியவர்கள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அந்த இழப்போடுதான் தலைமுறைகளாக அவர்கள் சபையில் நிற்கிறார்கள். ஆதாயத்துக்கு வந்தவர்கள் இந்த நட்டத்தில் ஏன் நிற்க வேண்டும்?

மறுபுறம் எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். பழைய கத்தோலிக்க ஊர். பங்குக் கோயிலில் தங்களைச் சமமாக நடத்துவதில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுக்குக் கல்லறையும் தனி. 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மக்களை ஆயத்தப்படுத்தவென்றே திருச்சபை ஒதுக்கிய காலத்தில், சொந்தச் சகோதரனை ஏற்க அந்த ஊர் ஆயத்தமாக இல்லை.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய குறை அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அடியோடு நீக்கச் சொன்னபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினார்கள். பிரிவுகளைக் கடக்க நம்மால் முடியாது என்பதும் இல்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தின் வழியாகத்தான் வெளிவந்தது. வேதத்துக்காக ஒரே மேசையில் அமர முடிந்தவர்களுக்கு, ஒரே மண்ணில் புதைபடுவது ஏன் முடியாது?

எனவே என் முடிவு இது: எழுப்புதல் கூட்டங்கள் தொடரட்டும். மனிதனைத் தட்டியெழுப்பும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எழுந்தவன் எங்கே போகிறான் என்பதையும் அவை கேட்க வேண்டும். கை உயர்த்தியவரிடம், உன் சபையின் கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் பொதுவா, உன் வயலில் கூலி நியாயமா, சேரியிலிருந்து சம்பந்தம் வந்தால் உன் வீட்டுக் கதவு திறக்குமா என்று போதகர்களும் பங்குத் தந்தையரும் கேட்கட்டும். வரப்போகிறவருக்கு ஆயத்தமாக விரும்புகிறவர்கள், சபைக்குள் ஏற்கெனவே வந்து காத்திருப்பவரை முதலில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.