நொண்டிச்சிந்தின் தனிச்சொல்

பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் எல்லோரும் சபதத்தைச் சொல்வார்கள். என் மனம் போய் நிற்பது, அதில் வரும் நொண்டிச்சிந்து என்ற பாவகையில் அடி நடுவே தனித்து நிற்கும் தனிச்சொல்லில். அடி மூன்று சீர் நடந்து வந்து அங்கே கால் ஊன்றுகிறது. அந்த ஊன்றலில் கோபம் சேர்கிறது. மிச்ச அடி அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பாரதி சில இடங்களில் அங்கே வெறும் ‘என்றும்’, ‘அந்த’ போன்ற சொற்களைத்தான் வைக்கிறார். போதும், மூச்சு அங்கே கனத்துவிடும்.

விருத்தப் பிரியர்கள் இதற்கு இணங்கமாட்டார்கள். பாரதக் கதைக்கு, அதை விருத்தத்தில் பாடிய வில்லிபுத்தூராரின் கம்பீரம் வேண்டாமா என்பார்கள். வில்லியை நானும் விரும்பிப் படிக்கிறவன்தான். ஆனால், திருடிக் காலிழந்தவன் மேடையேறிப் பாடிய நொண்டி நாடக மெட்டை அடிமை நாட்டின் காவியத்துக்குக் கொடுக்க எத்தனை துணிவு வேண்டும்! 1912இல் புதுச்சேரியில் முதல் பாகம் வெளிவந்தபோதே, ஜனங்களுக்குப் பழகிய மெட்டுதான் வேண்டும் என்று பாரதி முன்னுரையில் சொல்லிவிட்டார். அரசியல் மாற்றம் அந்த மெட்டுத் தேர்விலேயே தொடங்கிவிட்டது.

மக்கள் பாட்டின் மேல் இந்த நம்பிக்கை வேறு இடத்திலும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்டர் 1778–79இல் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தபோது, ஒரு ஜனத்தின் உயிர் அதன் பாட்டில் இருக்கிறது என்றே நம்பினார். பின்னால் வந்த ஜெர்மானியக் கவிஞர் ஹைனே, 1844இல் சைலீசிய நெசவாளர் கிளர்ச்சியைப் பாடினார். பத்திதோறும் நெசவே பல்லவியாகத் திரும்பும். பிரஷ்ய அரசு அதைத் தடை செய்தது. பருத்தி ஏலம் நடக்கும் எங்கள் மூலனூர்ப் பக்கம் அந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. ஆனாலும் பாரதியே ஒரு படி மேல் என்பேன். ஹைனேயின் தறி ஓயாமல் ஓடுகிறது. நொண்டிச்சிந்து நடுவில் நின்று, நம்மையும் நிறுத்துகிறது.

இந்த நிறுத்தம் எனக்குப் புதிதல்ல. சிறு வயதில் எங்கள் கொங்குப் பகுதிக் கதைப்பாடலான அண்ணமார் கதை கேட்கும்போது, உடுக்கைக்காரர் சொல்லை நிறுத்தும் இடத்தில் கூட்டமே மூச்சைப் பிடித்திருக்கும். இன்றைய ஒப்பித்தல் போட்டிகளில் பிள்ளைகள் தனிச்சொல்லை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள்; வேகத்துக்குத்தான் கைதட்டல். இசையமைத்துப் பாடுகிறவர்களும் அந்த இடத்தில் வயலினை நிரப்பிவிடுகிறார்கள். மேடைப் பேச்சில் அடுக்குமொழி மிஞ்சியது, நிறுத்தம் போய்விட்டது.

ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்வதற்கு முன்னால் தனிச்சொல்லில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்.