'சில்லி'யும் பேதையும்

மனிதரைப்போல் சொற்களும் நிலை தாழ்வதுண்டு. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையே சான்று. 'கெலிங்' கலிங்க நாட்டுப் பெயரின் வழிவந்தது என்பர். பள்ளிவாசல் தோன்றிய 1801-ஐ ஒட்டிய நாளில் அது சமூகத் தலைவரின் பட்டத்தில் நின்றது, பின்னாளில் வசையாயிற்று.

ஆங்கிலச் 'சில்லி'க்கும் இக்கதியே. பழைய ஆங்கிலத்தில் அது பேறுபெற்றவரைக் குறித்தது. அதன் உறவான ஜெர்மானியச் சொல் 'சேலிக்' இன்றும் அப்பொருளைக் காக்கிறது. பின்னர் கள்ளமற்றவர், இரங்கத்தக்கவர் எனத் தேய்ந்து, இறுதியில் அறிவிலியாயிற்று.

தமிழில் இதற்கு இணை 'பேதை'. ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள சிறுமியும் பேதை, ஏழையும் பேதை, திருக்குறளின் 84-ஆம் அதிகாரம் கடிந்துரைக்கும் குற்றமும் பேதைமையே.

எனவே 'சில்லி'யை எங்கும் 'முட்டாள்' எனப் பெயர்ப்பது பிழை. "அசடே, இதற்கா அழுகிறாய்?" என்னும்போது தாயின் வாயில் பிறக்கும் பரிவு 'சில்லி'யிலும் உண்டு, 'முட்டாளி'ல் இல்லை. கணக்குத் தவறிய பிள்ளையை ஆசிரியர் அசடென்றால் அது சிரித்துத் திருத்திக்கொள்ளும். முட்டாளென்றால் பலகையையே மூடிவிடும். அகராதி பொருளைத்தான் தரும். சொல்லின் சூட்டைச் செவியே அறியும்.