ஒட்டியதும் ஊகித்ததும்

உடைந்த மாடல் விமானத்தைச் சரிசெய்து கட்டுவதைப் பலர் சிக்கன வேலையாகவே பார்க்கிறார்கள். பாதி விலைக்கு ஒரு பெட்டி கிடைக்கும்; உள்ளே இறக்கை முறிந்திருக்கும், ஒன்றிரண்டு பாகங்கள் காணாமல் போயிருக்கும்; ஒட்டிப் பூசிப் புதுசு போல ஆக்கிவிட்டால் லாபம். இந்தக் கணக்கு பாதிதான் சரி. பழுது பார்ப்பதில் கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. ‘புதுசு போல’ என்கிற ஆசைதான் அதைக் கெடுக்கிறது.

ஒற்றை இருக்கை கொண்ட ஃபோலண்ட் நாட் போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டெடி பெட்டர் வடிவமைத்தது, பெங்களூர் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1965 இந்திய–பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் இந்திய விமானி நிர்மல் ஜித் சிங் செக்கோன் போரிட்டு உயிர்நீத்ததும் இதில்தான். நிஜ விமானத்தின் இறக்கை அகலமே ஏழு மீட்டருக்கும் குறைவு. 1/72 அளவில் அது ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கையில் அடங்கிவிடும். இதில் அரை மில்லிமீட்டர் பிசகினால், நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பிசகியதாகக் கணக்கு.

புதுப் பெட்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு, ஒட்டும் வரிசைக்குப் படம் உண்டு. உடைந்த பெட்டியில் கேள்வி கேட்காமல் ஓர் அடி நகர முடியாது. சக்கர அறையின் மூடி ஒன்று தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய, சக்கரங்கள் எப்படி மடங்கின என்று தேட வேண்டும். தேடினால், நாட் விமானிகள் சக்கரங்களைப் பாதி இறக்கி, அவற்றையே வேகம் குறைக்கும் காற்றுத்தடையாகவும் பயன்படுத்தியது தெரியவரும். ஒரே உறுப்பிடம் இரண்டு வேலை வாங்கிய அந்தச் சிக்கனம்தான் இந்த விமானத்தின் அடிப்படை. குறையில்லாத பெட்டியை வாங்கியவர் இதைத் தேடியிருக்கவே மாட்டார்.

பொருளைப் பற்றிய அறிவும் அப்படித்தான் வருகிறது. இந்த மாடல்கள் பாலிஸ்டைரீனில் வார்த்தவை. அதற்கான பிசின் இரு முனைகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். முறிந்த இறக்கையைப் பொருத்தி, பிசினை விளிம்பில் ஓடவிட்டு மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் ஒரு நூல்வரப்பாகப் பிதுங்கும். அதைத் தொடாமல் இரவு முழுக்க விட்டு, மறுநாள் பிளேடால் சீவினால் முறிவு தெரியாது. ஃபெவிக்விக் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்.

போடிநாயக்கனூர் மாதிரி ஊரில் இந்த வேலைக்கான பொருள்கள் பெரும்பாலும் கூரியரில்தான் வர வேண்டும். அதுவரை பொறுக்காதவர்கள் கார் பெயின்ட் பட்டறைப் பக்கம் போகிறார்கள். அங்கே கிடைக்கும் வாட்டர் பேப்பர் அருமையானது. விரிசலை நிரப்பும் என்.சி. பட்டியை மெல்லிசாக இழுத்தால் நிற்கும். தடியாக அப்பினால் அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்துக் குழியாக்கும். என்.சி. தின்னரால் துடைத்தாலோ இறக்கையே குழைந்துவிடும்.

பருவமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களை நனைத்துக்கொண்டிருக்கும்போது, மலையடிவாரத்தில் ஊருக்குள் காற்றும் புழுதியும்தான். மலை மேலே ஸ்பிரே அடித்தால், வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்க, அதில் ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். கீழே ஊரில் அடித்தால் பெயின்ட் காயுமுன் தூசி ஒட்டும். தூசிக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. பிசின் ஆவியும் தேய்த்த தூளும் நுரையீரலுக்குள் போகும். மாடலுக்கு ஒரு மூடியைக் கவிழ்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊர் வெயிலால் ஒரு நன்மையும் உண்டு: மஞ்சளித்த ஒட்டுப்படத் தாளை ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும்.

இனி, என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பட்டி பார்த்துத் தேய்க்கும் கைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. பழைய அச்சுகளில் தகட்டு இணைப்புக் கோடுகள் மயிரிழையாகப் புடைத்திருக்கும். ஒட்டிய இடத்தை வழவழப்பாக்கும் மும்முரத்தில் சுற்றிலும் இருக்கும் அந்தக் கோடுகளும் தேய்ந்து போய்விடுகின்றன. போனதை ஊசியால் கீறி மீட்கலாம் என்பார்கள். கீறினால் வருவது பள்ளக்கோடு; பக்கத்து இறக்கையில் இருப்பது புடைப்புக்கோடு. ஒரு விரிசலை மறைக்கப்போய் விமானத்தின் ஒரு பக்கமே வேறாகிவிடுகிறது. மெல்லிய விரிசல் தெரிந்தால்தான் என்ன?

அதைவிடப் பெரிய குறை ஊகம். தொலைந்த பாகத்தைப் படம் பார்க்காமல் மனசுக்குத் தோன்றியபடி செய்து, பெயின்ட் அடித்துவிட்டால், எது அச்சில் வந்தது, எது கற்பனை என்று யாராலும் பிரிக்க முடியாது. புகழ்பெற்ற ஒரு விமானத்தின் எண்ணையும் ஒட்டிவிட்டால், பார்க்கிற பிள்ளை அதை வரலாறு என்றே நம்பும்.

பெரிய அளவில் இன்னொரு விமானத்தின் எண்ணை இடுவதை நேர்மையாகச் செய்த உதாரணம் நம்மிடமே இருக்கிறது. இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் இந்தியாவுக்குப் பறந்து வந்த டகோட்டா விமானத்துக்கு விமானப்படை ‘பரசுராமா’ என்று பெயர் வைத்தது. அதன் வாலில் இருக்கும் வி.பி.905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு வீரர்களைக் கொண்டுசென்ற வேறொரு டகோட்டாவுடையது. அதன் நினைவாக இட்ட எண் என்று வெளிப்படையாகச் சொன்னதால் இங்கே யாரும் ஏமாறவில்லை.

வீட்டு மேசையில் இருக்கும் மாடலுக்கும் இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். தாங்குபலகையின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு போதும்: பெட்டியோடு வந்தவை எவை, கையால் செய்தவை எவை, எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தோம், எதற்குப் படமே கிடைக்கவில்லை.